நம் வீடு பச்சையாக இருந்தது

நைனா,

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூருக்குப் போய் இன்றோடு இரண்டு நாள். திங்கட்கிழமை காலையில் அந்தத் தொற்றுக் கட்டுப்பாட்டு அறையில் போய் உட்காரப் போகிறாய். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று, அந்தப் பக்கம் போகிற எதிர்வீட்டு ஜமீலாவின் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்ததும் நீ "அப்புறம் பேசுறேம்மா" என்பாய், நானும் சரி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இத்தனை வருடமும் அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போவதற்கு முந்தின நாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே உன் புது வேலையைப் பற்றிச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? இன்னொரு தொற்று வந்தால் மாவட்டம் முழுக்க வீட்டுக்கு ஒரு பெட்டி, விரலில் மாட்டும் கிளிப், கையில் கட்டும் பட்டை. ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது தானே அளந்து தானே அனுப்பும். குறைந்தால் கம்ப்யூட்டரே ஆம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிடும், காலியாக இருக்கும் படுக்கையையும் அதுவே பிடித்து வைக்கும். நன்றாக இருந்தால் அந்த வீட்டின் கணக்கை அன்றைக்கு மூடிவிடும். நடுவில் போன் பண்ணி விசாரிக்கிற ஆளே வேண்டாம் என்றாய். ஏன் வேண்டாம் என்று நான் கேட்டேன். தட்டைப் பார்த்தபடியே நீ சொன்னாய்: "மனுசங்க நடுவுல இருந்தாதாம்மா தப்பு நடக்குது. அன்னைக்கு கன்ட்ரோல் ரூம்ல அந்தப் பொண்ணு ஒழுங்கா பார்த்திருந்தா அப்பா இப்ப இங்க சாப்பிட்டுகினு இருந்திருப்பாரு." நான் இன்னொரு தோசை ஊற்றப் போனேன். உனக்குப் போதும் என்று தெரிந்தும் ஊற்றினேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் ஒழுங்காகத்தான் பார்த்தாள். அந்த மெஷினும் சரியாகத்தான் காட்டியது. உன் அப்பாவின் விரல் என்று சொல்லி வேறொரு விரலை அதில் மாட்டி அனுப்பியவள் நான். அது உன் விரல். உனக்குத் தெரியாமல்தான் செய்தேன். அதனால் இதில் உன் பங்கு ஒரு துளிகூடக் கிடையாது. இந்த வரியைத் திரும்ப ஒரு முறை படித்துவிட்டு மேலே படி.

எங்கள் கம்பெனி கேட்டில் அந்தத் தொற்றுக் காலத்தில் காய்ச்சல் பார்க்கும் கேமராவை வைத்திருந்தார்கள். நெற்றிச் சூடு கூடினால் கேட் திறக்காது, பெயர் நேராக மேலே போய்விடும், பதினாலு நாள் வேலைக்கு வர முடியாது. நான் பேக்கிங்கில் லைன் சூப்பர்வைசர். மூடி போடும் லைனில் பாதிப் பேர் வரவில்லை, மேலே இருந்து டார்கெட் டார்கெட் என்று கத்துகிறார்கள். அந்தக் கேட்டை ஏமாற்ற என் பெண்களுக்கு வழி சொல்லிக்கொடுத்ததே நான்தான். துப்பட்டாவைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து நெற்றியில் கட்டிக்கொண்டு டீக்கடை நிழலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அவிழ்த்துத் துடைத்துவிட்டு நேராகப் போய் நின்றால் கேட் திறந்துவிடும். சிப்காட்டில் பத்து வருடமாக ஒருத்தியின் வருகைக் கார்டை இன்னொருத்தி தேய்த்துப் பழகிய கைகள் எங்களுடையவை, இதெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமா? அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. மெஷினை ஏமாற்ற வேண்டுமா, அக்காவைக் கேள் என்று அவர்கள் சிரிப்பார்கள். அப்படிக் கேட்டைத் தாண்டி வந்த யாரிடமிருந்து எனக்கு ஒட்டியது என்று தெரியாது. என்னிடமிருந்துதான் உன் அப்பாவுக்கு வந்தது, அது தெரியும்.

எங்கள் இரண்டு பேருக்கும் தொற்று உறுதியானதும் உன்னைப் பின்னறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். மறுநாள் ஒரு ஆள் வந்து, காய்ச்சல் அதிகமாக இருந்த அப்பாவுக்கு மட்டும் என்று வாசலிலேயே கிளிப்பை வைத்துவிட்டுப் போனார். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை விரலில் மாட்டினால் போதும், போன் வழியாக எண் அவர்களுக்குப் போய்விடும். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் வண்டி வரும் என்றார். எங்கே கூட்டிப் போவீர்கள், கூட யார் வரலாம் என்று கேட்டேன். அதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. அந்த வாரம்தான் அப்பாவோடு மில்லில் கிரேன் ஓட்டிய இரண்டு பேரை வண்டி ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஒருவரும் திரும்பவில்லை, முகத்தைக்கூடக் காட்டவில்லை. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்னிய மட்டும் அங்க அனுப்பிடாத. இன்னா ஆனாலும் ஊட்லயே கெடக்கறேன்." அவர் கேட்டார் என்பதற்காக அவர் தலையில் போட்டுவிட்டு நான் ஒதுங்கவில்லை. காய்ச்சலில் கிடக்கிறவர் எதையாவது கேட்பார். யோசிக்க வேண்டியவள் நான்.

முதல் இரண்டு நாள் அவர் விரல்தான். தொண்ணூற்று ஆறு, தொண்ணூற்று ஐந்து. மூன்றாம் நாள் காலையில் தொண்ணூற்று ஒன்று என்று வந்தது. போனில் அனுப்பு என்ற பொத்தான் எரிகிறது. நான் அதை அழுத்தாமல் கிளிப்பைக் கழற்றினேன். என் விரலில் மாட்டிப் பார்த்தேன், எனக்கும் தொண்ணூற்று மூன்றுதான் இருந்தது. பின்னறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உனக்கும் பார்த்துவிடலாம், எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். நீ காலேஜ் வகுப்பை போனில் கேட்டுக்கொண்டே விரலை நீட்டினாய். "நூத்துக்கு எவ்ளோ மார்க்கும்மா?" என்று கேலி செய்தாய். தொண்ணூற்று எட்டு. கேட்டுக்கு ஒரு ஈரத் துப்பட்டா மாதிரி வீட்டுக்கு உன் விரல் கிடைத்துவிட்டது என்று எனக்கு மூச்சு வந்தது. அப்பா பெயரில் அதை அனுப்பினேன். அன்று சாயங்காலமும் அப்படித்தான், மறுநாளும் அப்படித்தான்.

இதில் எனக்குத் தைரியம் கொடுத்தது அப்பாவின் முகம். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. கஞ்சி குடித்தார், மில்லில் யார் யார் வந்தார்கள் என்று போனில் பேசினார். உள்ளே குறைந்துகொண்டே வரும், வெளியே ஒன்றும் தெரியாது என்பதெல்லாம் பிறகுதான் கேள்விப்பட்டேன். அதைக் கண்டுபிடிக்கத்தானே அந்தக் கிளிப்பையே கொடுத்தார்கள்? எதிர்வீட்டில் அது கண்டுபிடித்தது. ஜமீலா பழவேற்காட்டுப் பெண், ஒளிவு மறைவு தெரியாதவள், வீட்டுக்காரர் விரலில் வந்ததை அப்படியே அனுப்பினாள். எண்பத்து ஒன்பது. அவள் என்ன ஏது என்று புரிந்துகொள்வதற்குள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்துவிட்டது, கையோடு வண்டியும் வந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்து, பாவம், புருஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று அவளுக்காக அழுதேன்.

நாலாம் நாள் சாயங்காலம் கட்டுப்பாட்டு அறையில் இருந்த அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. தினமும் பேசுகிறவள்தான். "இப்ப எப்படிம்மா இருக்கு, பரவால்லியா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு அதற்கப்புறம் கொஞ்சம் தயங்கினாள். "அம்மா, ஆக்சிஜன் நல்லாத்தான் கீது. ஆனா பல்சு அறுபத்தாறு காட்டுது. மொத ரெண்டு நாளு நூத்துப்பத்துக்கு மேல இருந்துச்சு. சார் வெரல்லதான மாட்டுனீங்க?" கிளிப்பில் இரண்டாவதாக ஒரு எண் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அது எதற்கு என்று யோசித்ததே இல்லை. மாட்டிக்கொண்ட ஆத்திரத்தில் கத்தினேன்: "பின்ன யாரு வெரலு? என் புள்ளையோட வெரலா? ஊட்ல நோவு வந்து பேஜாராகினு கீறோம், நீ இன்னாமா கேக்குற?" உண்மையை நானே என் வாயால் சொல்லி, அதையே பொய்யாக்கிவிட்டேன். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு போனை வைத்தாள்.

ஐந்தாம் நாள் காலையிலும் உன் விரல்தான் போனது. தொண்ணூற்று ஏழு. பகல் சாப்பாட்டு நேரத்தில் அப்பா எழுந்திருக்கவில்லை. உதடு நீலமாக இருந்தது. வண்டிக்குச் சொல்லக்கூட எனக்குக் கை வரவில்லை. நீதான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவரைத் தோளில் போட்டு, தெருமுனையில் ஷேர் ஆட்டோவை மறித்து ஏற்றினாய். ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நீ என் போனை வாங்கிப் பார்த்தாய். காலையில் தொண்ணூற்று ஏழு, மதியம் ஆள் இல்லை. அதை வைத்துக்கொண்டு நீ அங்கேயே நின்றிருந்தாய். உன்னிடம் சொல்ல எனக்கு அந்த ஒரு நிமிடம் கிடைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் செய்ததுதான் பெரிய பாவம். நீ புகார் எழுதினாய். கருவி தப்பு, அதைப் பார்க்க வேண்டிய பெண் தூங்கிவிட்டாள் என்று பக்கம் பக்கமாக எழுதி, அந்த அறையை நடத்தியவர்களுக்கு அனுப்பினாய். அவர்கள் விசாரித்தார்கள். அந்தப் பெண், நான் சந்தேகப்பட்டேன், அந்த அம்மாவிடம் கேட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அங்கே எண்களைத்தான் சேமித்திருந்தார்கள், பேச்சைப் பதிவு செய்யவில்லை. என்னைக் கூப்பிட்டு, அப்படிக் கேட்டாளா என்று கேட்டார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். இல்லை, அப்படி எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். முதல் பொய் பயத்தில் சொன்னது. இது உன் முன்னால் நல்லவளாக இருக்கச் சொன்னது. அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று நீ வந்து சொன்னபோது, அப்பாவுக்கு ஏதோ நியாயம் கிடைத்த மாதிரி உன் முகம் இருந்தது. உனக்கு ஒரு நாளும் என் மேல் சந்தேகம் வரவில்லை. அம்மா மேல் யாருக்கு வரும்?

போன வாரம் உனக்குச் சட்டை எடுக்க பொன்னேரிக்குப் போனேன் இல்லையா? துணிக்கடையில் பக்கத்தில் விற்பனைக்கு நின்ற ஒரு பெண், யாரோ ஒரு பையன் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தபோது, "இப்ப எப்படி இருக்கு, பரவால்லியா?" என்று கேட்டாள். கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை, ஆனால் ஐந்து நாள் அந்தக் குரலைக் காதில் வைத்திருந்தவள் நான். பெயரைக் கேட்டேன். பெயர் கோமதி, ஊர் ஆரணி என்றாள். நான் யார் என்று சொன்னேன். ஓடிவிடலாமா என்று நினைத்தேன், ஆனால் வாய் முந்திக்கொண்டது. என் புள்ளையோட வெரல்தாம்மா அது என்று, சட்டைக் குவியலுக்கு நடுவில் நின்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்றுதான் நின்றேன். சாப்பாட்டு வேளை வரை இருக்கச் சொல்லி, பின்பக்கப் படிக்கட்டில் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டுச் சாப்பிடாமல் பேசினாள். அவர்கள் அறையில் சுவர் அளவுக்கு ஒரு திரை இருந்ததாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் டாங்கிலும் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது, எந்த டாங்கர் லாரி எந்த ரோட்டில் வருகிறது, எங்கே படுக்கை காலி, வண்டிகள் எங்கே நிற்கின்றன, எல்லாம் அதில் நகர்ந்துகொண்டே இருக்குமாம். ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி, எண் நன்றாக இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. அதற்கப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க ஊடு கடைசி வரைக்கும் பச்சையாவே இருந்துச்சும்மா. எனக்குத் தெரியும், அது சார் வெரல் இல்லைன்னு. தெரிஞ்சும் ஒரு வண்டி அனுப்பாம உட்டுட்டேன். பச்சையா கீற ஊட்டுக்கு ஏன் அனுப்புனேன்னு கேப்பாங்களேன்னு பயம். புகார் வந்தப்ப, நமக்கு இது வேணும்னுதான் நெனச்சேன்." நான் சுமக்க வேண்டியதை இந்தப் பெண் இத்தனை வருடம் சுமந்திருக்கிறாள், நைனா. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது என் பயம் உன் பெட்டியைப் பற்றியது. அது வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஜமீலா வீட்டுக்காரர் பன்னிரண்டாம் நாள் தன் காலால் நடந்து தெருவுக்குள் வந்தார். வார்டுக்குள் ஆள் இல்லாத ஒரு சக்கர வண்டி இட்லி கொண்டுவந்ததைப் பற்றி இன்றைக்கும் அளந்துகொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற அவரையே நீ பார்ப்பாய், அவர் உயிரோடு இருப்பது அந்தக் கிளிப்பாலும் அந்தத் திரையாலும்தான். ஆனால் நம் வீட்டு விஷயத்தில் அத்தனை மெஷினும் பச்சை என்றபோது, இல்லையே என்று தோன்றியது ஒரே ஒரு ஆளுக்கு. அந்த ஆளைத்தான் நீ வேண்டாம் என்று எடுத்திருக்கிறாய், அதுவும் நான் சொன்ன பொய்யை நம்பி எடுத்திருக்கிறாய். பல்ஸையும் கம்ப்யூட்டரே பார்க்கும்படி செய்துவிடுகிறேன் என்பாய். செய், நல்லதுதான். ஆனால் நான் அதற்கும் வழி கண்டுபிடித்திருப்பேன். கிளிப்பை மாட்டுவதற்கு முன்னால் உன்னைப் பத்து தடவை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லியிருப்பேன். பயந்துபோன பொம்பளைக்கு எவ்வளவு மூளை வேலை செய்யும் என்று உன் இன்ஜினியர்களுக்குத் தெரியாது.

அதனால் பெட்டியைக் கொடுக்க வீட்டு வாசலில் நிற்கிற ஆள், எண் குறைந்தால் எங்கே கூட்டிப் போவோம், யார் கூட வரலாம், தினமும் எப்படிப் பேசலாம் என்பதைச் சொல்லத் தெரிந்தவராக இருக்கட்டும். ஜமீலா அந்தப் பன்னிரண்டு நாளும் வார்டில் இருந்த டேப்லெட்டில் புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். அப்படி ஒன்று உண்டு என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் உன் விரலைத் தேடி வந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன், சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. சந்தேகம் வந்தால் கேட்கிற ஒரு ஆளை வை. கேட்டதற்கு என் மாதிரி யாராவது எரிந்து விழுந்தாலும், பச்சையாக இருக்கிற வீட்டுக்கும் ஒரு வண்டியை அனுப்பிப் பார்க்க அந்த ஆளுக்கு அதிகாரம் கொடு. இந்தக் கடிதத்தை உன் ஆபீசில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்ட வேண்டுமென்றால் காட்டு. எனக்கு ஆட்சேபம் இல்லை. யார் எழுதியது என்று கேட்டால் எங்கம்மா என்று சொல்.

இன்னும் ஒன்று இருக்கிறது. படிக்கட்டில் இருந்து எழுந்தபோது கோமதி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வேலையைத் திரும்பக் கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. "கடைசி நாளு காலைல சாருக்கு நெசமா எவ்ளோம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் பார்த்திருந்தேன், நைனா. அன்றைக்குக் காலையில் உன்னிடம் வருவதற்கு முன்னால் ஒரு தடவை அவர் விரலில் மாட்டிப் பார்த்தேன். எண்பத்து நாலு. பேட்டரி போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கழற்றினேன். அவளிடம் சொன்னேன். அன்றைக்குக் காலையில் நம் தெருமுனையிலேயே ஒரு வண்டி நோயாளி இல்லாமல் சும்மா நின்றிருந்தது என்றாள். திரையில் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

அவள் போன் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் அவளைக் கூப்பிட்டுப் பேசு. நீ எழுதிய புகாரை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவளையே கேள். அதற்கப்புறம் உனக்கு மனசு வந்தால் என்னைக் கூப்பிடு. வராவிட்டாலும் போன் கையிலேயே இருக்கும்.

அம்மா